மகள் கைக்கு ஒரு ஏர் பிஸ்டல்

பிஸ்டலை வைஸில் (இரும்பு பிடிக்கும் இடுக்கி) இறுக்கி வைத்துச் சுட்டால் ஐந்து பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு) ஒரே ஓட்டைக்குள் போகிறது. மகள் கையில் கொடுத்தால் குறி அட்டை முழுக்க அம்மைத் தழும்பு. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் கையை விட்டுவிட்டுத் துப்பாக்கியை நோண்டிக்கொண்டிருந்தேன்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். இலையை நறுக்கித் தூளாக்கும் சி.டி.சி. ரோலரைக் கழற்றிப் பல் எடுத்து மாட்டுவது, பேரிங் மாற்றுவது, டிரையர் ஃபேனுக்கு பேலன்ஸ் பார்ப்பது, இதுதான் இருபத்திரண்டு வருடமாக வேலை. தூளில் நார் வந்தால் ரோலர் இடைவெளியைப் பார், சத்தம் வந்தால் பேரிங்கைப் பார். எதற்கும் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அந்தப் புத்தி இங்கே என்னைக் கவிழ்த்துவிட்டது.

2024 ஜூலையில் பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்ததிலிருந்து ஒன்பதாவது படிக்கும் மகள் பிடித்த பிடி. அதே மனு பாக்கருக்கு டோக்கியோவில் போட்டி நடுவிலேயே பிஸ்டல் பழுதாகி நேரம் போன கதையையும் எங்கோ படித்துவிட்டு வந்து, "அப்பா, நீங்க ஃபிட்டர்தானே, நமக்கு அந்தப் பிரச்சினையே வராது" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றில் சனி ஞாயிறு வகுப்பில் சேர்த்துவிட்டு, அங்கேயே ஒருவர் விலைக்குக் கொடுத்த பழைய ரஷ்யத் தயாரிப்பு ஒன்றை வாங்கினேன். குழலுக்குக் கீழே நீளமான லீவர் இருக்கும். அதை முழுக்க விரித்து ஒரே ஒரு தடவை மூடினால் உள்ளே காற்று அழுத்தமாகி நிற்கும், ஒரு ஷாட்டுக்கு அவ்வளவுதான். சிலிண்டர் வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம். மலை மேல் இருப்பவனுக்கு இது வசதி என்று நினைத்தேன். மலை மேல் என்பதாலேயே வந்த வம்பைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேட்காத ஆள் இல்லை. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. எங்களுடையது அந்த அளவில் பாதிகூடக் கிடையாது. ஆனால் வெடிமருந்துத் துப்பாக்கி வேறு கதை. அதைப் பழுது பார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். எஸ்டேட்டில் பன்றி விரட்ட வைத்திருக்கும் பழைய தோட்டாத் துப்பாக்கியை "கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்று ஒருவர் மூட்டையில் சுற்றி எடுத்தே வந்துவிட்டார். வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதற்கு லைசென்ஸ் உள்ள கடை இருக்கிறது, ஃபிட்டர் வேலையில்லை.

வீட்டில் 10 மீட்டர் எங்கே கிடைக்கும்? எங்களுடையது லைன் வீடு மாதிரி நீளமானது. முன் அறை, நடு அறை, சமையல்கட்டு, பின் கதவு, அதற்கப்பால் விறகுக் கொட்டகை. மூன்று கதவையும் திறந்து டேப் பிடித்தால் விறகுக் கொட்டகைச் சுவர் வரை 10 மீட்டர் 20 செ.மீ. அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர். அட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, அதற்கு முன் ஃபாக்டரியில் கழித்த கன்வேயர் பெல்ட் இரண்டு மடிப்பு. பெல்லட் ஈயம் என்பதால் கீழே ஒரு தகர டப்பாவில் எல்லாம் சேரும், சுட்டு முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. மாலை ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம் சமையல்கட்டு மூடல். ஆள் குறுக்கே வராமலிருக்கப் பின் கதவுக்கு வெளியே சங்கிலி. "ஒலிம்பிக்ஸ் வந்ததிலிருந்து இந்த வீட்ல ராத்திரி ரசம்தான்" என்பது வீட்டுக்காரியின் புகார்.

முதல் மாதக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். குழலைச் சுத்தம் செய்தேன். பெல்லட் போடும் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் கடினமாகிப் போயிருந்தது, மாற்றினேன். இது உண்மையிலேயே தேவையான வேலைதான். வாயின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் போட்டுச் சுட்டால் பேப்பர் துள்ளியது, வளையம் மாற்றியபின் அசையவில்லை. பிஸ்டன் சீலுக்குச் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம். குறி பார்க்கும் பின் சைட்டில் லேசான ஆட்டம் இருந்தது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து எடுத்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மகளைக் கூப்பிட்டுச் சுடச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அதே அம்மைத் தழும்பு. இடது கீழ்ப் பக்கம் கொஞ்சம் அதிகம்.

பக்கத்து லைனில் மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ரிட்டயரான ஹவில்தார் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வெலிங்டனில் பயிற்சி கொடுத்தவர். ஒரு நாள் மாலை டீ குடிக்க வந்தவர் மேஜையில் கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்தார்.

"தம்பி, ரோலர்ல தூள் சரியா விழலன்னா என்ன பண்ணுவீங்க?"

"கேப் பாப்பேன் அண்ணே."

"இலை எப்படி வருதுன்னு பாக்க மாட்டீங்களா?"

எனக்கு உறைத்தது. முற்றின இலையைப் போட்டுவிட்டு ரோலரைத் திட்டுகிற ஆட்களை நானே எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! அன்று ராத்திரியே பெஞ்ச் வைஸை நடு அறைக்குத் தூக்கி வந்து, மரக் கட்டையும் தோலும் வைத்து பிஸ்டலின் ஃப்ரேமைப் பிடித்து (குழலை வைஸில் பிடிக்கவே கூடாது) ஐந்து ஷாட் சுட்டேன். ஐந்தும் சேர்ந்து ஓட்டையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை 12 மி.மீ. பெல்லட் அகலம் 4.5ஐக் கழித்தால் 7.5 மி.மீ. போட்டி அட்டையில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதாவது துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்தே பத்துக்குள்தான் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என் மகள் அதே தூரத்தில் 70 மி.மீ. அகலத்துக்குப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

வைஸ் கட்டியது கட்டியாயிற்று, பெல்லட்டையும் பார்த்துவிடலாம் என்று நான்கு டப்பா வைத்துச் சுட்டேன். தட்டைத் தலை பெல்லட்தான் நான்கும், அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும். தலை அளவு 4.49 ஒன்று, 4.50 இரண்டு, அளவு போடாத மலிவு டப்பா ஒன்று. நகைக்கடைத் தராசில் மலிவு டப்பாவை நிறுத்துப் பார்த்தால் ஒன்று 0.46 கிராம், அடுத்தது 0.52. அது 16 மி.மீ. பரப்பியது. 4.49 டப்பா 6 மி.மீ.க்குள் போட்டது. பயிற்சிக்குக் கூட அந்த மலிவு டப்பாவைத் தொடுவதில்லை என்று முடிவு. இந்த வேலைக்குச் செலவானது ஒரே ஒரு ஞாயிறு, துப்பாக்கியின் பக்கம் கிடைத்த லாபம் மொத்தமும் இதிலேயே முடிந்துவிட்டது.

இனி கை.

பிஸ்டலோடு வந்த கைப்பிடி ஒரு பெரிய ஆம்பளை கைக்கு ஆனது. மகள் பிடித்தால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். கை நழுவாமல் இருக்க விரல் நுனியால் இறுக்குகிறாள். இறுக்குகிற விரல் நுனி குழலை இடது கீழே இழுக்கிறது. சுடும் விரல் எட்டாததால் ட்ரிகரை நேராகப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. அட்டையில் இடது கீழ்ப் பக்கம் ஏன் அதிகம் என்பதற்கு இரண்டு காரணம் கிடைத்துவிட்டது. எங்கள் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. சைட் 1 மி.மீ. பிசகினால் 10 மீட்டரில் 28 மி.மீ. விலகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் மூன்று மார்க்குக்கு மேல் போச்சு. கை ஒரு மி.மீ. நழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

ஆசாரியிடம் சில்வர் ஓக் துண்டு ஒன்று வாங்கி முதல் கைப்பிடி செய்தேன். தோட்டத்து நிழல் மரம், இங்கே விறகு விலைக்குக் கிடைக்கும். செதுக்க இதம். பார்க்கவும் அழகுதான், அந்த மினுமினுப்பு வேறு மரத்தில் வராது. செப்டம்பரில் முடித்தேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. குன்னூரில் அந்த இரண்டு மாதம் உப்பு டப்பாவிலேயே தண்ணீர் நிற்கும், மரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு வாரத்தில் கைப்பிடி ஊதியது, அப்புறம் அடுப்பங்கரையில் காய வைத்ததும் சுருங்கியது. ஃப்ரேமோடு சேரும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால் ஒரு பக்கம் 0.05 மி.மீ. நுழையவில்லை, மறு பக்கம் 0.30 தாராளமாகப் போனது. ஸ்க்ரூவை இறுக்கினால் மரம் நசுங்கி அடுத்த நாள் மறுபடி ஆட்டம். ஷாட் எல்லாம் வலது பக்கம் போக ஆரம்பித்தது. மகள் தன் மேல்தான் தப்பு என்று இரண்டு வாரம் அழாத குறை.

அந்தக் கைப்பிடி இப்போது எங்கள் வீட்டில் தேங்காய் துருவி வைக்கும் கட்டைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது கைப்பிடிக்குப் பரணிலிருந்து இறக்கியது பாட்டி காலத்துக் கட்டிலின் உடைந்த கால். ஈட்டி மரம். ஐம்பது அறுபது வருடம் இந்த மலையின் மழையையும் பனியையும் பார்த்து ஊதுவது, சுருங்குவது எல்லாம் முடித்துவிட்ட மரம். புதிதாக ஈட்டி வாங்கப் போனால் வனத்துறை பாஸ் இல்லாமல் நடக்காது, கட்டில் காலுக்கு யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் ஒன்று, ஈட்டித் தூள் மூக்கில் ஏறக் கூடாது. மாஸ்க் போடாமல் அரைமணி நேரம் கிரைண்டர் ஓட்டிவிட்டு இரண்டு நாள் தும்மினேன், முழங்கையில் அரிப்பு வேறு.

செதுக்கிய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் ஃப்ரேம் உட்காரும் பள்ளம். உளியால் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு மீதியை எம்-சீலிடம் (பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பசை) விட்டேன். ஃப்ரேமுக்கு மெழுகு தேய்த்து, பள்ளத்தில் எம்-சீல் பரப்பி, ஸ்க்ரூவை லேசாக முடுக்கி ராத்திரி முழுக்க விட்டால் ஃப்ரேமின் வார்ப்பு அப்படியே உள்ளே விழும். இங்கே குளிரில் எம்-சீல் இறுக மற்ற ஊரைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அவசரப்பட்டுக் கழற்றினால் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்க்ரூ போகும் துளைக்குள் பித்தளை புஷ் (சின்னக் குழாய்த் துண்டு) ஒன்று கடைந்து இறக்கினேன். ஸ்க்ரூ இறுக்கம் இப்போது உலோகத்தின் மேல்தான், மரத்தின் மேல் இல்லை. ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடும் எந்தப் பக்கத்திலும் நுழையவில்லை. இந்த வேலை எனக்குப் பழக்கமானது, ஒரு ராத்திரியில் முடிந்தது.

வெளிப்பக்கம்தான் மூன்று வாரம். ஃபாக்டரியில் ஒரு பேரிங் கூடு சரியாக உட்காருகிறதா என்று தெரிய புளூ தடவிப் பார்ப்போம். எங்கே பட்டதோ அங்கே நீலம் ஒட்டும், ஒட்டிய இடத்தைச் சுரண்டி மறுபடி வைத்துப் பார்ப்போம். அதையே செய்யலாம் என்று புளூ டப்பாவைத் திறந்தேன். "ஐயோ அப்பா, ஒரு வாரம் போகாது, ஸ்கூல்ல என்னன்னு சொல்றது?" என்று உள்ளே ஓடிப்போய் அவள் அம்மாவின் பழைய லிப்ஸ்டிக்கை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் மெல்லிசாகத் தடவி, கைப்பிடியைப் பிடித்து, பிஸ்டலைத் தூக்கி, பத்து எண்ணி, இறக்கி, கையை நேராக எடுக்கச் சொன்னேன். மரத்தில் மூன்றே இடத்தில் சிவப்பு. கட்டை விரலின் அடி, நடு விரலின் நுனி, மணிக்கட்டுக்கு மேலே ஒரு கோடு. மீதி இடமெல்லாம் காற்று.

சிவப்பு விழுந்த இடத்தை மர அரத்தால் இரண்டு இழுப்பு. காற்று இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை அளவு எம்-சீல், அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் அவள் கை. பிடித்தபடி அசையாமல் கால்மணி நேரம். அந்த கால்மணி நேரத்தில் என்னென்னவோ பேசுவாள். வகுப்புத் தோழிகள், கணக்கு டீச்சர், ஊட்டியில் பார்த்த ஒரு ஜாக்கெட். வேறெப்போதும் இவ்வளவு பேசியதில்லை. இறுகியதும் மறுபடி லிப்ஸ்டிக், மறுபடி அரம். பதினோரு சுற்று ஆனது. பதினோராவது சுற்றில் உள்ளங்கை முழுக்க, ரேகை உட்பட, மரத்தில் ஒட்டியது. சுடும் விரல் மட்டும் எங்கேயும் மரத்தைத் தொடவில்லை. அது தொடவே கூடாது, அதற்காக அந்தப் பக்கம் 3 மி.மீ. கூடுதலாகவே எடுத்துவிட்டேன்.

கோணம் சரியா என்று பார்க்க ஹவில்தார் அண்ணன் சொல்லிக் கொடுத்த வழி: கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, அட்டையை நோக்கி நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பாமலே முன் சைட் பின் சைட்டின் நடுவில் நின்றால் கோணம் சரி. முதல் தடவை முன் சைட் மேலே துருத்திக்கொண்டும் இடது பக்கம் ஒட்டிக்கொண்டும் நின்றது. கைப்பிடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் பின்பக்கம் 0.4 மி.மீ. பித்தளை ஷிம் ஒன்று வைத்ததும் உயரம் சரியானது. அப்புறம் இடதுக்கு உள்ளங்கை மேடு கொஞ்சம் சீவல். கண்ணைத் திறந்ததும் சைட் நேராக நின்ற நாள் அவள் பிஸ்டலை இறக்கவே இல்லை, கை நடுங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வழுக்காமல் இருக்க மேற்பரப்பில் புள்ளி குத்த வேண்டும். ஆணி முனையைச் சாணை பிடித்து, சின்னச் சுத்தியலால், அம்மி கொத்துகிற மாதிரிதான். முதல் இருநூறு புள்ளி ஒழுங்காக வரும், அப்புறம் பொறுமை போய்விடும். அதனால் கட்டை விரல் பக்கம் பார்த்தால் நான் எப்போது டீ குடிக்கப் போனேன் என்றே கண்டுபிடித்துவிடலாம். கடைசியில் லின்சீட் ஆயில் மூன்று கை.

இவ்வளவும் முடித்துப் பெருமையாகக் காட்டினால், ஹவில்தார் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். உள்ளங்கையின் அடிப் பக்கம் தாங்கும் தட்டை நான் மேல்நோக்கி வளைத்து, கையைத் தொட்டில் மாதிரி அணைத்துப் பிடிக்கும்படி செதுக்கியிருந்தேன். "சூப்பரா இருக்கு. ஆனா மேட்ச்ல எடுத்து வெளிய வெச்சுருவாங்க." சர்வதேச விதிப்படி அந்தத் தட்டு மேல்நோக்கி வளையக் கூடாது, மணிக்கட்டுக்குத் தாங்கல் கொடுக்கக் கூடாது. தவிர முழு பிஸ்டலும் 420, 200, 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமுக்கு மிஞ்சக் கூடாது. எடை பரவாயில்லை, ஈட்டி கனம் என்றாலும் 1,340தான் வந்தது. பிளைவுட்டில் அதே அளவுக்குப் பெட்டி அடித்து உள்ளே இறக்கிப் பார்த்தால் மூடி உட்காரவில்லை. கட்டை விரல் மேடையில் 2 மி.மீ. அதிகம். லிப்ஸ்டிக் தடவிச் செதுக்கிய மேடையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வயிறு எரிந்தது. ரூல்ஸை முதலில் படித்துவிட்டு உளியை எடுத்திருக்க வேண்டும்.

ட்ரிகர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிப்படி குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், விழாமல் நிற்க வேண்டும். பித்தளை ராடில் கொக்கியோடு சேர்த்துச் சரியாக 500 கிராம் வரும்படி ஒன்று கடைந்து வைத்துக்கொண்டேன். 500க்கு ஒட்டி வைத்தால் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். 520க்கு வைத்ததும் தகராறு இல்லை. ஜனவரியில் ஒரு விடிகாலை ட்ரிகர் விட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. திறந்து பார்த்தால் பழைய கிரீஸ் குளிரில் மெழுகாக உறைந்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு. இழுப்பைச் சரிசெய்யும் திருகுகளைத் தவிர உள்ளே எதையும் அரத்தால் தொடவில்லை. ஒன்றோடொன்று கொக்கி மாட்டி நிற்கும் அந்த இரண்டு முனைகளைத் தேய்த்தால் கை படாமலே சுட்டுவிடும், வீட்டில் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது.

சைட்டுக்கு வருவோம். முன் சைட் தகடு அகலமாக இருந்ததால் பின் சைட் இடைவெளியில் இரு பக்கமும் வெளிச்சம் நூல் மாதிரி தெரிந்தது. அவள் கண்ணுக்கு அது போதவில்லை. தகட்டை இரு பக்கமும் சமமாக அரம் போட்டு 4.0 மி.மீ.க்குக் கொண்டு வந்தேன். வெளிச்சம் இப்போது ஒவ்வொரு பக்கமும் தகட்டில் மூன்றில் ஒரு பங்கு. தேய்த்த இடம் பளபளவென்று கண்ணைக் கூசியது. பெயின்ட் அடித்தால் மூலை மழுங்கிவிடும். ஹவில்தார் அண்ணனிடம் கேட்டேன். "வீட்ல சூடம் இருக்கா?"

சூடத்தைக் கொளுத்தி, அந்தப் புகையில் முன் சைட்டைக் காட்டினால் கரி வெல்வெட் மாதிரி படியும். சொட்டு வெளிச்சம் திரும்பி வராது. விரல் பட்டால் போய்விடும், அதனால் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் காட்ட வேண்டும். முதல் நாள் பூஜை அறை வாசலில் நின்று நான் பிஸ்டலுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருப்பதை வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "ஆயுத பூஜை போன மாசமே முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் கடைசியில் வீட்டில் அறுபது ஷாட் போட்டோம், போட்டி கணக்கில் 75 நிமிடம். ஆகஸ்டில் 600க்கு 491 எடுத்தவள் 533. கையில் சுடும் பரப்பு 70லிருந்து 38 மி.மீ. துப்பாக்கியின் 6 மி.மீ. அப்படியேதான் இருக்கிறது.

சரி, மலை வம்பு. ஜனவரியில் கோயம்புத்தூர் ரேஞ்சுக்குப் புதுக் கைப்பிடியோடு போனாள். முதல் பத்து ஷாட்டும் மேலே. எல்லாம் அழகாகக் கூட்டமாக, ஆனால் நடுவுக்கு மேலே 5 மி.மீ. போனில் குரல் கம்மியது. "கைப்பிடி நகர்ந்திருச்சு போலப்பா." எனக்கும் பகீரென்றது. பஸ்ஸில் பர்லியாறு வளைவுகளில் எங்காவது இடித்துக்கொண்டதோ? சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் ஃபீலர் கேஜ், ஷிம், ஸ்க்ரூ எல்லாம் பார்த்தேன். எதுவும் நகரவில்லை. வைஸில் கட்டிச் சுட்டால் நடுவில்தான் போகிறது. அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூரில் மறுபடி மேலே.

ராத்திரி பருப்பு வேகவைக்க வீட்டுக்காரி குக்கர் மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. இந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. காற்றழுத்தம் குறைவு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், கோயம்புத்தூர் 411. எங்கள் பிஸ்டல் லீவரை மூடும்போது வெளிக் காற்றைத்தான் உள்ளே பிடித்து அழுத்துகிறது. இங்கே அதே கொள்ளளவில் கோயம்புத்தூரைவிட ஆறில் ஒரு பங்கு காற்று குறைவு. காற்று குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பெல்லட் பறக்கும் நேரம் கூடி இன்னும் கொஞ்சம் தாழும். ரேஞ்சில் ஒருவரிடம் வேகம் அளக்கும் கருவி இருந்தது. இரவல் கேட்டு அங்கே அளந்தேன், நொடிக்கு 136 மீட்டர். வீட்டுக்கு எடுத்து வந்து அளந்தேன், 125. கணக்குப் போட்டால் 10 மீட்டரில் 5 மி.மீ.யைத் தாண்டுகிறது. அட்டையில் இருந்ததும் அதுதான். 200 பார் அழுத்தக் காற்றுச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் உள்ள பிஸ்டல்களில் இது இவ்வளவு தெரியாது. கம்ப்ரஸர் வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டதற்கு இது வட்டி.

இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை, பின் சைட் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பிக்கொள்வதுதான். பிஸ்டல் பெட்டி மூடியின் உள்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறாள்: "குன்னூர் 0. கோவை 4 கிளிக் கீழே. சூடம் எடுத்துக்கோ." மூன்றாவது வரி என் கையெழுத்து.

போன வாரம் சுட்டுவிட்டுக் கையை உதறினாள். கட்டை விரல் அடியில் சிவந்திருந்தது. மரம் மறுபடி ஊதிவிட்டதா என்று ஸ்கேலை எடுத்து அளந்தேன், அளவு அப்படியே இருந்தது. கைப்பிடி செய்யும்போது அவள் கையைச் சுற்றி வரைந்து வைத்திருந்த பழைய வரைபடத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பென்சில் கோட்டைத் தாண்டி விரல் 6 மி.மீ. வளர்ந்திருக்கிறது. லிப்ஸ்டிக் இன்னும் கால் பாகம் மிச்சம் இருக்கிறது, எம்-சீல்தான் வாங்க வேண்டும்.